எடிட்டிங் சாஃப்ட்வேர் கிராஷ் ஆகுதா? புது கம்ப்யூட்டர் வாங்காண்டாம் மக்களே!

[திரையில்: எக்ஸ்போர்ட் பார் 87 சதவீதத்தில் நிற்கிறது. சாஃப்ட்வேர் தானாக மூடிக்கொள்கிறது.]

ராத்திரி ரெண்டு மணி. காலையில பொண்ணு வீட்டுக்காரங்க பென்டிரைவ் வாங்க வாறாங்க. எடிட் முடிஞ்ச வீடியோவ ஒரே ஃபைலா எடுக்கிற எக்ஸ்போர்ட் 87 சதவீதத்துல நின்னு, மொத்தமா குளோஸ் ஆயிருச்சு. திருப்பிப் போட்டா திருப்பியும் 87.

மக்களே, அந்த 87-ஐ ஒரு பேப்பர்ல குறிச்சு வச்சுக்கிடுங்க. லட்ச ரூபா போட்டு புது சிஸ்டம் எடுக்கலாமான்னு யோசிச்சிட்டு இருக்கிறவங்களுக்கு அந்த நம்பர்ல பெரிய தகவல் இருக்கு.

ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல கிராஷ் ஆகுதுன்னா, அந்த இடத்துல கிடக்கிற கிளிப், எஃபெக்ட், டைட்டில், இதுல ஒண்ணுதான் பெரும்பாலும் ஆளு. ஒரு தடவ 20, அடுத்து 63, சும்மா பிளே பண்ணாலே போகுதுன்னா சூடு, மெமரி, கிராஃபிக்ஸ் கார்ட இயக்குற டிரைவர் சாஃப்ட்வேர், கரண்ட், அந்தப் பக்கம் தேடணும். இத பாக்காம நேரா கடைக்குப் போனா 'ரேம் கூட்டுங்க'ன்னு தான் முதல்ல சொல்லுவாங்க. அவங்க சோலி அது.

எச்டின்னா 1920க்கு 1080 பிக்சல். 4கேன்னா 3840க்கு 2160. நாலு மடங்கு. எல்லாருக்கும் தெரிஞ்சது, தாண்டிப் போவோம்.

[திரையில்: 4கே ஃபிரேம் ஒன்று. பக்கத்தில் கணக்கு.]

தெரியாத கணக்கு இதுதான். கேமரா 100 மெகாபிட் வேகத்துல 4கே பதிவு பண்ணுதுன்னு வைங்க. செகண்டுக்கு 12.5 எம்.பி. 25 ஃபிரேமா, அதாவது தனித்தனிப் படமா பிரிச்சா, ஒரு ஃபிரேமுக்கு மெமரி கார்டுல அரை எம்.பி. தான் ஆகுது. அதே ஃபிரேம எடிட்டிங் சாஃப்ட்வேர் கலர் கரெக்ஷனுக்காக 32 பிட் ஃப்ளோட்டா, அதாவது ரொம்ப நுணுக்கமான கணக்கா விரிச்சா, 82,94,400 பிக்சல், ஒவ்வொண்ணுக்கும் 16 பைட். ஏறக்குறைய 132 எம்.பி.! அரை எம்.பி. போய் 132 எம்.பி.யா வந்து நிக்குது. இப்படி 30 ஃபிரேம் சேந்தாலே 4 ஜி.பி. கிராஃபிக்ஸ் கார்டு நெறஞ்சிரும். சாஃப்ட்வேர் எல்லாத்தையும் ஒண்ணா ஏத்தி வைக்காதுதான். ஆனா நாய்ஸ் ரிடக்ஷன் மாதிரி எஃபெக்ட் முன்னாடி பின்னாடி இருக்கிற ஃபிரேமையும் சேத்துக் கேக்கும். டாவின்சி ரிசால்வ்னு ஒரு எடிட்டிங் சாஃப்ட்வேர்ல 'ஜி.பி.யூ. மெமரி ஃபுல்', அதாவது கிராஃபிக்ஸ் கார்டு மெமரி நெறஞ்சு போச்சுன்னு ஒரு மெசேஜ் வருமே, அதுக்குப் பின்னாடி இந்தக் கணக்குதான் ஓடுது.

சரி, அரை எம்.பி.க்குள்ள ஒரு முழுப் படத்த கேமரா எப்படி அடைக்குது? இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்கிப் பண்ணிராதீங்க.

நம்ம ஊரு கல்யாண மண்டபத்துல ஒரு ஆளக் காட்டி 'இவரு யாரு'ன்னு அம்மாட்ட கேளுங்க. பேரு வராது. 'அது நம்ம தக்கலை சித்திக்கு கொழுந்தன் மகனாக்கும்'பாங்க. தக்கலை சித்தி யாரு? 'குளச்சல் பெரியம்மைக்கு தங்கச்சி.' குளச்சல் பெரியம்மை? 'உங்க தாத்தாவுக்கு மூத்த மருமக.' தாத்தா வரைக்கும் ஏறிப் போயிட்டு வந்தாதான் முன்னாடி நிக்கிற ஆளு யாருன்னு விளங்கும்.

கேமரா வீடியோவ சுருக்கி வைக்கிற முறைக்கு எச்.264, எச்.265னு பேரு. ரெண்டும் அச்சு அசல் இந்த அம்மாதான். முழுசா சேமிக்கிற படத்துக்கு ஐ ஃபிரேம்னு பேரு. அதுதான் தாத்தா. அரை செகண்டுக்கோ ஒரு செகண்டுக்கோ ஒருக்கதான் அவரு வருவாரு. நடுவுல வர்ற பி ஃபிரேம்ல படம் கிடையாது. 'முன்னாடி இருந்தவருக்கும் எனக்கும் இன்னின்ன வித்தியாசம்'னு எழுதி வச்சிருக்கும், அவ்வளவுதான். இன்னொரு வகை இருக்கு, பைடைரக்ஷனல் ஃபிரேம். அதுக்கு முன்னாடி உள்ளவங்களும் சொந்தம், பின்னாடி வரப்போறவங்களும் சொந்தம். மாப்பிள்ள வீட்டுப் பந்தியிலயும் உக்காரும், பொண்ணு வீட்டுப் பந்தியிலயும் உக்காரும். அத விரிக்கணும்னா அடுத்து வரப்போற ஆள முதல்லயே கூட்டிட்டு வரணும்.

நேரா பிளே பண்ணா தாத்தால இருந்து வரிசையா இறங்கி வந்திரும், பிரச்சினையே இல்ல. அதான் விஎல்சி பிளேயர்ல சூப்பரா ஓடுது. நீங்க எடிட்டிங்ல என்ன செய்வீங்க? தாலி கட்டுற இடத்துல நடுவுல வெட்டுவீங்க. பின்னாடி இழுப்பீங்க. ரிவர்ஸ் போடுவீங்க. ஒவ்வொரு தடவையும் சாஃப்ட்வேர் தாத்தா வீட்டுக்கு ஓடிட்டு வரணும். நாலு கேமரா மல்டிகேம்னா நாலு குடும்பம், நாலு தாத்தா, எல்லாம் ஒரே நேரத்துல! மெமரி கார்டுல நடுவுல ஒரு ஆளு கெட்டுப்போனா, அடுத்த தாத்தா வர்ற வரைக்கும் உள்ள அத்தனை பேரும் கோளாறு. பச்சைக் கட்டம் கட்டமா தெரியுமே, அதுதான். சில நேரம் சாஃப்ட்வேர் அங்கயே தடுக்கி விழுந்திரும்.

எச்.264 வந்தது 2003-ல, எச்.265 2013-ல. ரெண்டும் படத்த அனுப்பவும் பாக்கவும் நல்ல ஏற்பாடு. வெட்டி ஒட்டுறதுக்குன்னு வேற சாதி இருக்கு: ஆப்பிளோட புரோரெஸ், அவிடோட டிஎன்எக்ஸ்எச்ஆர். அங்க ஒவ்வொரு ஃபிரேமும் சொந்த ஆதார் கார்டோட நிக்கும், யாரையும் கேக்க வேண்டியதில்ல. விலை? இடம். புரோரெஸ் 422-ல 30 ஃபிரேம் எச்டி ஒரு மணி நேரம் 66 ஜி.பி., 4கேன்னா 265 ஜி.பி. ஹார்டு டிஸ்க் விக்கிறவருக்கு சந்தோஷம்.

அதனால எல்லாத்தையும் மாத்தாண்டாம். பிராக்ஸி போடுங்க. அடோபி பிரீமியர் சாஃப்ட்வேர்ல கிளிப் மேல ரைட் கிளிக் பண்ணி கிரியேட் பிராக்ஸீஸ், ரிசால்வ்ல ஜெனரேட் பிராக்ஸி மீடியா. கம்மி சைஸ் நகல வச்சு எடிட் பண்ணலாம், எக்ஸ்போர்ட் ஒரிஜினல்ல இருந்து போகும். ஒண்ணு கவனிக்கணும். எக்ஸ்போர்ட் ஒரிஜினல்ல இருந்து போறதால, ஒரிஜினல் கிளிப் கெட்டிருந்தா பிராக்ஸி காப்பாத்தாது. அந்த ஒரு கிளிப்ப மட்டும் ஷட்டர் என்கோடர்ல போட்டு புரோரெஸ்ஸா மாத்திக்கிடுங்க. சும்மா கிடைக்கிற சாஃப்ட்வேர்தான்.

இன்னொரு கூத்து சொல்லுறேன். இப்ப உள்ள மிரர்லெஸ் கேமராவுல எச்.265, 10 பிட், 4:2:2னு ஒரு ஆப்ஷன் இருக்கும். கலருக்கு அருமை. ஆனா என்விடியா கிராஃபிக்ஸ் கார்டுல ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில இருந்துதான் கார்டு தானே அத விரிச்சுப் படமாக்கும். கொள்ளை விலை குடுத்து வாங்கின 4090 கார்டுகூட இந்த ஒரு சோலிக்கு கைய விரிச்சிரும். இன்டெல் 11-ம் தலைமுறை பிராசஸருக்குள்ள ஒரு ஓரமா இருக்கிற சின்ன கிராஃபிக்ஸ் அத அலட்டாம செய்யும்! சாஃப்ட்வேர் அத பயன்படுத்துற மாதிரி செட்டிங்ஸ் வேணும், அவ்வளவுதான். பிராசஸர் நம்பருக்குப் பின்னாடி எஃப்னு இருந்தா அந்த கிராஃபிக்ஸே கிடையாது. கடையில 'கொஞ்சம் குறைச்சுத் தாறேன்'னு எஃப் மாடல நீட்டினா யோசிங்க.

[திரையில்: டைம்லைன். இன் பாயின்ட், அவுட் பாயின்ட்.]

இப்ப அந்த 87-க்கு வருவோம். கிளிப்பெல்லாம் வரிசையா அடுக்கி வச்சிருக்கிற டைம்லைன ரெண்டா பிரிச்சு முதல் பாதிய மட்டும் எக்ஸ்போர்ட் பண்ணுங்க. கிராஷ் ஆச்சுன்னா குத்தவாளி அங்க, ஆகலன்னா மறு பாதியில. அதையும் ரெண்டாக்குங்க. ஒரு மணி நேர வீடியோவ ஆறே தடவ பிரிச்சா ஒரு நிமிஷத்துக்குள்ள மாட்டிக்கிடும்.

மாட்டுறது பெரும்பாலும் நம்ம சொந்தக்காரப் பையன் ஃபோன்ல எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புன கிளிப்தான். ஃபோன் வெளிச்சத்தையும் சூட்டையும் பொறுத்து ஃபிரேம் ரேட்ட கூட்டிக் குறைச்சுக்கிட்டே இருக்கும். ஃபைல் விவரம் காட்டுற மீடியாஇன்ஃபோல தொறந்து பாருங்க, ஃபிரேம் ரேட் மோட் வேரியபிள்னு இருந்தா வீடியோ மாத்துற ஹேண்ட்பிரேக் சாஃப்ட்வேர்ல கான்ஸ்டன்ட் ஆக்கிட்டு உள்ள விடுங்க. சத்தமும் உதடும் சேராம போறதும் இதாலதான்.

அடுத்து எழுத்துரு. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் நெறைய ஸ்டூடியோவுல ஒரே கம்ப்யூட்டர்ல ஃபிளெக்ஸ், கல்யாண ஆல்பம், கோயில் கொடை நோட்டீஸ், வீடியோ எல்லாம் நடக்கும். யாரோ பென்டிரைவ்ல குடுத்த ஆயிரக்கணக்கான தமிழ் எழுத்துரு மொத்தமா ஏத்தியிருக்கும். அதுல கெட்டுப்போன ஒண்ணு இருந்தா போதும், டெக்ஸ்ட் டூல தொட்டவுடனே சாஃப்ட்வேர் போயிரும். வேணுங்கிறத மட்டும் வச்சிட்டு மிச்சத்த வேற ஃபோல்டருக்கு மாத்துங்க. இதுக்குப் பத்து பைசா செலவில்ல.

எங்க போகும்னே தெரியாத கிராஷுக்கு வேற வைத்தியம். திரை ஒரு நொடி கறுத்து வருதா? விண்டோஸ் கிராஃபிக்ஸ் கார்டுக்கு 2 செகண்ட்தான் தவணை குடுக்கும். அதுக்குள்ள பதில் வரலன்னா டிரைவர ரீசெட் பண்ணிரும், எடிட்டிங் சாஃப்ட்வேரும் கூடவே விழும். என்விடியா வச்சிருந்தா கேம் ரெடி டிரைவர எடுத்துட்டு ஸ்டூடியோ டிரைவர் போடுங்க. ஒரு தடவ ஜி.பி.யூ. ஆக்சிலரேஷன நிறுத்தி சாஃப்ட்வேர் ஒன்லில எக்ஸ்போர்ட் பண்ணிப் பாருங்க. ஆமை வேகம்தான், ஆனா முடிஞ்சிருச்சுன்னா சந்தேகம் கார்டு மேலயும் டிரைவர் மேலயும்தான். சாஃப்ட்வேர் தற்காலிகமா சேத்து வச்சிருக்கிற மீடியா கேஷயும் அழிங்க. ரேம் மேல சந்தேகம்னா மெம்டெஸ்ட்86னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அதுல சோதிங்க.

முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சி ஆளுங்களுக்குத் தனியா: கடக்காத்துல உப்பு, ரெண்டு பருவமழையும் நமக்குத்தான். ஃபேன்ல படியிற தூசி ஈரத்தோட சேந்து அப்பிக்கிடும். சைடு பலகையத் தொறந்து பிரஷ் போடுங்க, ஹெச்டபிள்யூஇன்ஃபோல சூட்டப் பாருங்க, பிராசஸர் 100 டிகிரிய ஒட்டி நின்னா காரணம் அங்க இருக்கு. அப்புறம் கரண்ட். முப்பந்தல்ல கரண்ட் தயாரிக்கிற காத்தாடி அத்தன சுத்துது, நம்ம வீட்டுல வோல்டேஜ் மட்டும் கண்ணடிச்சிட்டே இருக்கு! யூ.பி.எஸ். இல்லாம எக்ஸ்போர்ட் போடாதீங்க. ஆட்டோசேவ அஞ்சு நிமிஷத்துக்கு வைங்க, புராஜெக்ட் இருக்கிற டிரைவ்ல வைக்காம வேற டிரைவ்ல வைங்க.

கமெண்ட்ல 'அண்ணே கிராஷ் ஆகுது'ன்னு மட்டும் போட்டா நான் என்ன சொல்ல? மீடியாஇன்ஃபோ ஸ்கிரீன்ஷாட், பிராசஸர் நம்பர், கார்டு பேரு, எத்தனை சதவீதத்துல போகுது, ஒரே இடத்துலயா இல்ல வேற வேற இடத்துலயா, இவ்வளவும் எழுதுங்க. சேனல் டிஸ்கிரிப்ஷன்ல குரூப் லிங்க் இருக்கு, ஸ்கிரீன்ஷாட்ட அங்க போடுங்க. சப்ஸ்கிரைப் பண்ணுறது உங்க இஷ்டம், பண்ணினா கோவிச்சுக்கிட மாட்டேன்.