சட்டத்தரணி இல்லாதவர்களை எங்கே எண்ணுவது?

வணக்கம் நேயர்களே.

கைதான ஒருவரை முதன்முறை நீதவான் முன் நிறுத்தும் அந்தச் சில நிமிடங்களில்தான் அவர் வீட்டுக்கா, விளக்கமறியலுக்கா என்பது பெரும்பாலும் முடிவாகிறது. ஹட்டனில், நுவரெலியாவில், பண்டாரவளையில் அந்த நேரத்தில் பிணை கேட்க ஆளில்லாமல் நின்றவர்கள் எத்தனை பேர்? இந்த எண்ணை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று கேட்கவே வந்திருக்கிறேன்.

சட்டத்தில் வழி இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, வசதியற்றவர்களுக்கு இலவசமாகச் சட்டத்தரணி தருகிறது. ஆனால் எந்த உதவி அலுவலகமும் தன் வாசலுக்கு வந்தவரைத்தான் எண்ணும். மலையகத்தில் வராமல் போகிறவர் யார்? மகன் உள்ளே இருக்க, தவணைக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாட்கூலிக் கணக்கு, விழாதே என்று கொழுந்து மலைக்கு ஏறுகிற தாய்தான். நீதிமன்ற வாசலில் ஓர் அம்மா சிங்களத்தில் எழுதிய துண்டுச் சீட்டை என்னிடம் நீட்டி, "ஐயா, அடுத்த தவண எப்பன்னு இதுல போட்டிருக்காங்களா?" என்று கேட்டார். வழக்கு இலக்கம் மட்டுமே இருந்தது. வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம். மொழிபெயர்ப்புப் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தருகிறது. அது அந்த அம்மாவின் மகனுக்குக் கிடைத்ததா என்பதையும் யாராவது குறித்து வைக்க வேண்டாமா?

அதனால் எண்ண வேண்டிய இடம் நீதிமன்றம்தான். முதல் நாளே வழக்கேட்டில் குறிக்கட்டும்: சட்டத்தரணி இருந்தாரா, மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா, பிணை கிடைத்தும் பிணையாள் இல்லாமல் எத்தனை நாள் உள்ளே கிடந்தார். பெயர் தேவையில்லை. இன்னொன்று முக்கியம். மாவட்டத்தை மொத்தமாகக் கூட்டினால் லயத்து மனிதர் மறைந்துவிடுவார். குடிசன மதிப்பீடே நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்துத்தான் எண்ணுகிறது; இங்கும் அப்படியே பிரிக்கலாம்.

அமெரிக்காவில், வசதியற்றவருக்கு அரசே சட்டத்தரணி தர வேண்டும் என்று 1963இல் கிடியன் வழக்கில் தீர்ப்பானது. 2007இல் அங்கே நாடு தழுவி எண்ணியபோது வசதியற்றவருக்காக அரசுச் செலவில் வாதாடும் 957 பொதுக் காப்புச் சட்டத்தரணி அலுவலகங்கள் கணக்கில் வந்தன. ஒரு சட்டத்தரணியின் தலையில் எத்தனை வழக்கு விழுகிறது என்று அந்தக் கணக்கை வைத்துக் கேட்க முடிந்தது.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நீதிமன்றங்களையும் உள்ளடக்கியது. தோட்டத்து இளைஞர்களே, விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். தோட்டப் பிரிவின் கணக்கைத் தனியாகக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.