போட் வாங்கியாச்சு, டீசலுக்கு யார் காசு குடுக்குறது? கடலோர பாதுகாப்பும் பட்ஜெட்டும்

வணக்கம் மக்களே. நேரா விஷயத்துக்கு வந்துடலாம்.

(திரையில்: மும்பை வரைபடம், கொலாபா பகுதி)

2008 நவம்பர் 26, ராத்திரி எட்டு எட்டரை மணி இருக்கும். மும்பை கொலாபால பத்வார் பார்க்னு ஒரு இடம், பக்கத்துலயே மீனவங்க குடியிருப்பு. ஒரு ரப்பர் படகு வந்து கரை ஒதுங்குது, உள்ள இருந்து சின்ன வயசு பசங்க இறங்குறாங்க, முதுகுல கனமான பை. நம்ம ஏரியா முகமா தெரியலையேன்னு அங்க இருந்த ஜனங்க யாருப்பா நீங்கன்னு கேக்குறாங்க, உங்க வேலைய பாருங்கன்னு சொல்லிட்டு அவனுங்க போயிடுறானுங்க. கராச்சில கிளம்பி, நடுக்கடல்ல குபேர்ங்குற குஜராத் மீன்பிடி படகை மடக்கி, அதுல இருந்தவங்கள கொன்னுட்டு, மும்பை வரைக்கும் வந்த பத்து தீவிரவாதிங்கள முதல்முதலா கேள்வி கேட்டது யாருன்னா, அந்த ராத்திரி கரையில நின்ன மீனவ மக்கள். அது வரைக்கும் கடல்ல ஒருத்தரும் அவங்கள நிறுத்தல.

அடுத்த மூணு நாள்ல 166 பேர் செத்துப் போனாங்க.

இது யாருமே எதிர்பார்க்காம நடந்துச்சான்னா, இல்லங்க. 1993 மும்பை குண்டுவெடிப்புக்கு ஆர்டிஎக்ஸ் வெடிமருந்து வந்ததே கடல் வழியாத்தான், ராய்காட் மாவட்டம் ஷேகாடி கடற்கரையில இறக்கினாங்க. அதுக்கப்புறம்தான் மகாராஷ்டிரா குஜராத் கடல்ல நேவி, கோஸ்ட் கார்டு எல்லாம் சேர்ந்து ஆபரேஷன் ஸ்வான்னு ரோந்து ஆரம்பிச்சாங்க. 2005ல மத்திய அரசு கடலோர பாதுகாப்பு திட்டம்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு, 73 கடலோர போலீஸ் ஸ்டேஷன், 204 ரோந்து படகு, அஞ்சு வருஷ திட்டம். பேப்பர்ல எல்லாமே சரியா இருந்துச்சு. ஆனா அந்த படகுங்க மாநிலங்களுக்கு வந்து சேர ஆரம்பிச்சதே 2009லதான். பதினஞ்சு வருஷமா தெரிஞ்ச ஓட்டை, அதை அடைக்க திட்டமும் இருக்கு, சாமான் மட்டும் கைக்கு வரல.

(திரையில்: சிஎஸ்டி ரயில் நிலையம்)

சரி, உள்ள வந்துட்டாங்க, அப்புறம் என்ன ஆச்சு? மும்பையோட பெரிய ரயில் நிலையமான சிஎஸ்டி ஸ்டேஷன்ல ஏகே 47 வச்சுகிட்டு சுடுறவன எதிர்த்து நின்ன போலீஸ்காரங்க கையில பழைய .303 ரைஃபிள், பல பேர் கையில வெறும் லத்தி. கிர்காவ் சௌபாத்தி கடற்கரை பக்கம், அந்த பத்து பேர்ல ஒருத்தனான கசாபை பிடிச்ச துக்காராம் ஓம்ப்ளே, உதவி சப் இன்ஸ்பெக்டர், அவர் கையிலயும் லத்திதான். துப்பாக்கி குழலை ரெண்டு கையாலயும் பிடிச்சு, குண்டு மொத்தத்தையும் தன் உடம்புல வாங்கிக்கிட்டு விடாம நின்னார். அவராலதான் கசாப் உயிரோட கிடைச்சான், அதுக்கப்புறம் வந்த கேஸ் மொத்தமும் அதுல இருந்து வந்ததுதான். அவரோட தைரியத்த நாம கொண்டாடுறோம், கொண்டாடணும். ஆனா ஒரு போலீஸ்காரர் வெறும் கையால ஏகே 47ஐ பிடிக்க வேண்டிய நிலைமையில ஒரு அரசாங்கம் அவரை நிறுத்தலாமா? இந்தக் கேள்விய கேக்காம அவருக்கு மாலை மட்டும் போட்டா அது அவருக்கு செய்யுற மரியாதை இல்லன்னு நான் நினைக்கிறேன்.

தீவிரவாதிங்கள எதிர்த்து சண்டை போடுற மத்திய அரசோட சிறப்புப் படை என்எஸ்ஜி, அவங்க கதை தெரியும்ல? கமாண்டோங்க இருந்தது ஹரியானா மானேசர்ல. டெல்லி ஏர்போர்ட் வந்தா அவங்கள ஏத்திக்கிட்டு போற பெரிய விமானம் சண்டிகர்ல நிக்குது, அது வரணும், பறக்கணும், மும்பை போய் இறங்கி ஏர்போர்ட்ல இருந்து பஸ் பிடிச்சு தீவிரவாதிங்க புகுந்திருந்த தாஜ் ஓட்டலுக்கு போகணும், இதுக்குள்ள விடிஞ்சிடுச்சு. திறமையில ஒரு குறையும் இல்லாத ஆளுங்க, இருந்த இடம்தான் தூரம். அதுக்கப்புறம்தான் 2009ல மும்பை, சென்னை, ஐதராபாத், கொல்கத்தாவுல என்எஸ்ஜி மையம் வந்துச்சு. 2008 கடைசியில, தீவிரவாத வழக்குகள விசாரிக்குற தேசிய புலனாய்வு முகமை, என்ஐஏ வந்துச்சு. கடல் பாதுகாப்பு மொத்தத்துக்கும் நேவி பொறுப்புன்னு ஆனதும் 2009லதான், கரையோர கடல் மெரைன் போலீஸுக்கு, அதாவது மாநிலத்தோட கடலோர போலீஸுக்கு, அதுக்கு வெளிய கோஸ்ட் கார்டுக்கு.

இப்ப நான் சொல்ல வந்த மெயின் மேட்டர் இதுதான். பணம் ஒதுக்குறதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு வாங்குற பணம், இன்னொண்ணு ஓட்டுற பணம். 2005 திட்டத்துல ஸ்டேஷன் கட்ட, சாமான் வாங்க 400 கோடி, டீசல், ரிப்பேர், ட்ரெய்னிங் எல்லாத்துக்கும் சேர்த்து 151 கோடி. போலீஸ்காரங்க சம்பளம் மாநில அரசோட பொறுப்பு. 2011ல ரெண்டாவது கட்டம் வந்துச்சு, இன்னும் 131 ஸ்டேஷன், 60 ஜெட்டி (படகு கட்டி நிறுத்துற மேடை), 2020 மார்ச்சோட அதுவும் முடிஞ்சுது. வாங்குற பணத்துக்கு ரிப்பன் வெட்டலாம், போட்டோ எடுக்கலாம். ஓட்டுற பணம் யார் கண்ணுக்கும் தெரியாது, அதனால நெருக்கடி வந்தா முதல்ல கை வைக்கிறது அதுலதான். பையனுக்கு புல்லட் வாங்கி குடுத்துட்டு பெட்ரோலுக்கு காசு இல்லன்னு சொல்ற கதை.

12 டன் ரோந்து படகுன்னா சாதாரணம் இல்ல, வேகமா போனா டீசல் தண்ணி மாதிரி போகும். உப்புக் காத்துல எஞ்சின சும்மா நிறுத்தி வச்சாலே பழுதாகும், உதிரி பாகம் வர மாசக்கணக்குல ஆகும், எஞ்சின் தெரிஞ்ச ஆள் வேணும், ராத்திரி கடல் தெரிஞ்ச ஆள் வேணும். நிலத்துல ட்யூட்டி பார்த்த கான்ஸ்டபிளை திடீர்னு படகுல ஏத்தினா வாந்தி எடுத்தே ஓஞ்சிடுவார். பல மாநிலங்கள்ல அரசு கணக்க சரிபார்க்குற சிஏஜி தணிக்கை பண்ணப்போ இதே பல்லவிதான் திரும்ப திரும்ப வந்துச்சு: படகு இருக்கு ஆனா ஓடல, ஜெட்டி இல்ல, ஆள் பத்தல, ராத்திரி ரோந்து கம்மி.

(திரையில்: மீன்பிடி துறைமுகம், விசைப்படகுகள்)

நம்ம ஊர்லயும் சாகர் கவாச்னு கடலோர பாதுகாப்பு ஒத்திகை பார்த்திருப்பீங்க. தீவிரவாதி வேஷத்துல போலீஸ்காரங்க படகுல வருவாங்க, மெரைன் போலீஸும் கோஸ்ட் கார்டும் அவங்கள கரைக்கு வர விடாம பிடிக்கணும். மறுநாள் பேப்பர்ல இத்தனை பேர் பிடிபட்டாங்கன்னு செய்தி வரும். பிடிபட்டவங்கள விட, பிடிபடாம உள்ள வந்த டீம் எதுன்னுதான் நான் முதல்ல தேடுவேன், ஓட்டை இருக்குற இடம் அதுதான். ஒத்திகையே செலவுதானேன்னு கேக்குறவங்க இருக்காங்க. செலவுதான், ஆனா நிஜத்துல ஒருத்தன் வந்து இறங்கி ஓட்டைய காட்டுறத விட இது எவ்வளவோ சல்லிசு.

காசு குடுத்தா மட்டும் போதுமான்னா, போதாது. கடல் வழியா தாக்குதல் வரலாம்னு 2008லயே உளவு எச்சரிக்கை வந்திருந்துச்சு, அதை எடுத்து நடத்துறதுலதான் கோட்டை விட்டாங்க. தாக்குதலுக்கு அப்புறம் விசாரிச்ச ராம் பிரதான் கமிட்டியும் அதைப் பத்தி பேசியிருக்கு. ஆனா யோசிச்சு பாருங்க, எச்சரிக்கை கையில கிடைச்ச ஆபீசர் அடுத்து என்ன பண்ணணும்? படகை அனுப்பணும். படகு ஜெட்டியில செத்து கிடந்தா அவர் எதை அனுப்புவார்? அதே மாதிரி எல்லாம் ரகசியம்னு சொல்லி கணக்கே காட்டாம செலவு பண்றதும் தப்புதான், கணக்கு கேக்குறது தேசத்துக்கு எதிரானது கிடையாது.

இன்னொண்ணு, இந்த பணம் போருக்கும் தீவிரவாதத்துக்கும் மட்டும் போகல. 2017 ஒக்கி புயல்ல கன்னியாகுமரி மீனவங்க ஆழ்கடல்ல மாட்டினப்போ தேடப் போனதும் இதே கோஸ்ட் கார்டு, நேவி, ஏர்ஃபோர்ஸ்தான். தேடுதல் லேட்டு, போதாதுன்னு கரையில நின்னு அழுத குடும்பங்க கேட்டதும் கப்பல், விமானம், இன்னும் தூரமா போங்கங்குறதுதான். அன்னைக்கு கடலுக்குள்ள எவ்வளவு தூரம் போக முடியும்ங்குறத முடிவு பண்றது அதுக்கு முன்னாடி பல வருஷம் போட்ட பட்ஜெட்.

அதனால ஒரு வேலை பண்ணுங்க. ஒவ்வொரு வருஷமும் நம்ம தமிழ்நாடு சட்டமன்றத்துல காவல்துறை மானியக் கோரிக்கை, அதாவது அந்த துறைக்கு பணம் கேக்குற கோரிக்கை, வரும்போது கொள்கை விளக்கக் குறிப்புன்னு ஒண்ணு வெளியிடுவாங்க, அரசு வெப்சைட்லயே தமிழ்ல கிடைக்கும். அதுல கடலோர பாதுகாப்புக் குழுமம்னு, நம்ம மெரைன் போலீஸ் பத்தி, ஒரு பகுதி இருக்கும், அதை எடுத்து படிங்க. எத்தனை படகு இருக்குன்னு போட்டிருந்தா அதோட நிறுத்தாதீங்க, அதுல எத்தனை ஓடுது, ராத்திரி ரோந்து எத்தனை மணி நேரம், டீசலுக்கும் பராமரிப்புக்கும் எவ்வளவு ஒதுக்கியிருக்காங்கன்னு உங்க எம்எல்ஏ கிட்ட கேளுங்க.