முதுகு காட்டும் படம்

வணக்கம் நேயர்களே. இரண்டாம் உலகப் போரில், யேர்மனியர் பிடித்து வைத்திருந்த பிரான்சை மீட்க நேச நாடுகளின் படைகள் கடல்வழியே தரையிறங்கிய 1944ஆம் ஆண்டு யூன் 6ஆம் திகதி காலை, அந்நாட்டின் நோர்மண்டிக் கரையில் எடுக்கப்பட்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் பற்றி இன்று பேசுகிறேன். அமெரிக்கக் கரையோரக் காவற்படையைச் சேர்ந்த றொபேட் சார்ஜன்ட் தரையிறங்கு படகொன்றினுள் நின்று அதை எடுத்தார். படகின் முன்கதவு நீரில் விழுந்து கிடக்க, படைவீரர்கள் துப்பாக்கியை நனையாமல் தூக்கிப் பிடித்தபடி இடுப்பளவு நீரில் நடக்கிறார்கள். அப்பால் புகை படர்ந்த மேடு தெரிகிறது.

படத்தில் ஒருவருடைய முகமும் தெளிவாகத் தெரியவில்லை. மார்பிற் பட்ட புண்ணைப் போற்றி முதுகிற் பட்ட புண்ணுக்கு நாணிய மரபில் வந்த நமக்கு, முதுகுகளை மட்டும் காட்டி வீரத்தைச் சொல்லும் இப்படம் வியப்பானதுதான். யேர்மனியர் கரையோரம் நட்டிருந்த தடைகள் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே கடல் வற்றியிருந்த நேரத்தில் தரையிறங்கினார்கள். அதனால் மறைவேதுமற்ற நீண்ட மணல்வெளியை, மேட்டிலிருந்து வந்த இயந்திரத் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே, நனைந்து கனத்த சுமையோடு கடக்கவேண்டியிருந்தது. அவர்கள் அஞ்சவில்லை என்று நான் சொல்லமாட்டேன். கொந்தளிப்பான கடலில் மணிக்கணக்காக அலைந்து, பலர் வாந்தியெடுத்துக் களைத்திருந்தனர். அந்த உடலோடு அடுத்த அடியை வைத்தார்கள் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. படகோட்டிகளையும் மறக்கக்கூடாது, ஆட்களை இறக்கிவிட்டுக் கப்பலுக்குத் திரும்பியவர்களில் பலர், கரையில் நடப்பதைக் கண்டபின்னரும் அடுத்த அணியை ஏற்றிக்கொண்டு அங்கேயே வந்தார்கள்.

வன்னியில் இருந்து இப்படத்தைப் பார்ப்பவரின் கண் துப்பாக்கியில் நிற்காது, தண்ணீரில்தான் நிற்கும். 2009இல் நந்திக்கடலின் நீருக்குள், பிள்ளையைத் தோளிலும் பையைத் தலையிலும் சுமந்து இறங்கியவர்கள் இந்த ஒலிபரப்பையும் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். அவர்களுக்குப் பதக்கம் கொடுக்க எந்தப் படையும் இல்லை. படைவீரரின் துணிவை மதிக்கும் அதே அளவுகோலை அவர்களுக்கும் வைக்கவேண்டும் என்பதே என் எண்ணம். இதைச் சொன்னால் முகஞ்சுளிப்பவர்கள் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறார்கள் என்பதும் தெரியும்.

படத்தின் அந்த மேட்டுக்குப் பின்னால் ஊர்கள் இருந்தன. நோர்மண்டிச் சண்டை முடிவதற்குள் ஏறத்தாழ 20,000 பொதுமக்கள் இறந்தார்கள்; அவர்களுட் பெரும்பாலோரைக் கொன்றது விடுவிக்க வந்த நேச நாடுகளின் குண்டுவீச்சுத்தான். சார்ஜன்ட் நின்ற இடத்திலிருந்து அவர்கள் தெரியமாட்டார்கள்.