அடுப்படியில் பிள்ளைகளுக்கு என்ன வேலை?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'பண்டிகைச் சமையலில் பிள்ளைகளைச் சேர்ப்பது உதவியா, உபத்திரவமா?' என்பது தலைப்பு. உதவியே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி மூன்று குற்றச்சாட்டுகளை அடுக்கினார்: கை சுடும், பலகாரம் கோணலாகும், நேரம் போகும்.

கை சுடும் என்பதற்கு முறுக்கையும் அதிரசத்தையும் சாட்சிக்கு அழைத்தார். எண்ணெய்ச் சட்டியருகே ஏழு வயதுப் பிள்ளையை நிறுத்தச் சொன்னது யார்? பிள்ளையார் சதுர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். கொழுக்கட்டை ஆவியில் வேகிற பண்டம். கொதிநீரில் பச்சரிசி மாவைக் கொட்டிக் கிளறுவதும், இட்லிப் பானையைத் திறப்பதும் பெரியவர்கள் வேலை. நடுவில் இருப்பதெல்லாம் கை வேலைதான். ஆறிய பூரணத்தை உருட்டலாம். மாவு காய்ந்துவிடாமல் ஈரத்துணியால் மூடலாம். படைப்பதற்கு முன்பே பூரணம் குறையும், பாட்டி அதட்டுவார். அதைப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார்.

பூரணம் வைக்கும் மாவுக் கிண்ணமான சொப்பு செய்வதுதான் கடினம். விரலில் நல்லெண்ணெய் தொட்டுக்கொண்டு, மாவு உருண்டையின் நடுவில் கட்டைவிரலை அழுத்தி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி மெலிதாக்க வேண்டும். கனத்துப் போனால் மாவுதான் வாயில் நிற்கும். அளவுக்கு மீறி மெலிந்தால் பூரணம் பிதுங்கிவிடும். இரண்டு கிழிந்தால் மூன்றாவது தேறும். அதுவும் வராத சிறுசுகளுக்குப் பிடிகொழுக்கட்டை இருக்கிறது. வெல்லம் சேர்த்த மாவைக் கைக்குள் வைத்து ஓர் அழுத்து, அவ்வளவுதான். விரல் தடம் பதிந்தால்தான் அதற்கு அழகு. மிஞ்சிய மாவைக் கோலியளவு உருட்டி வேகவைத்துத் தாளித்தால் அம்மணிக் கொழுக்கட்டை. கோணல் என்ற குற்றச்சாட்டுக்கு இங்கே என்ன வேலை, நடுவர் அவர்களே?

நேரம் போகும் என்றார். போகும், மறுக்கவில்லை. ஆனால் இப்போது போவது யாருடைய நேரம்? வீடே புதுத்துணி உடுத்திக் கூடத்தில் உட்கார்ந்திருக்க, ஒருவர் மட்டும் வியர்வையோடு அடுப்படியில் நிற்கிறார். கடைசிப் பந்தியில் ஆறிப்போன சோற்றோடு தனியாக உட்காருபவரும் அவரே. பிள்ளை இதைப் பார்த்துத்தான் வளர்கிறது. பண்டிகை என்றால் தட்டு தானாக வந்து சேரும் என்று எண்ணிக்கொள்கிறது. பத்துக் கொழுக்கட்டை பிடித்துக் கை வலித்த பிள்ளை, அடுத்த தட்டு வரும்போது "அம்மா சாப்பிட்டாச்சா?" என்று கேட்கும்.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் தை மாதத்தில் சிறுவீட்டுப் பொங்கல் உண்டு. வாசலில் மண்ணால் சின்ன வீடு கட்டி, பிள்ளைகளுக்கென்றே பொங்கலிடுவார்கள். ஆகவே பிள்ளைகளைச் சேர்ப்பது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. எனக்கு அதில் ஒரே மனக்குறை, அது பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்கான கொண்டாட்டமாக நின்றுவிட்டது. எங்கள் அணி கேட்பது பையன்களையும் சேர்த்துத்தான். தேங்காய் துருவ மகளையும் கடைக்குப் போக மகனையும் கூப்பிடும் வீட்டுக்கு எங்கள் அணியில் இடமில்லை.

எதிரணித் தலைவர் தம் பேச்சினூடே, சதுர்த்தியன்று ஒன்பது கொழுக்கட்டை சாப்பிட்டதாகப் பெருமையோடு சொன்னார். அவற்றில் எத்தனைக்குச் சொப்பு செய்தார் என்பதை மட்டும் நடுவர் அவர்கள் கேட்டுச் சொல்ல வேண்டும். நன்றி, வணக்கம்.