எறும்பைத் தேடுங்கள், பறவை கிடைக்கும்

அனைவருக்கும் வணக்கம். மழைக்காட்டுத் தீவில் பறவை பார்ப்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டது பனாமாவின் பாரோ கொலராடோ. அது கடல் நடுவே இருக்கும் தீவு இல்லை. கால்வாய்க்காகச் சாக்ரஸ் ஆற்றை மறித்து அணை கட்டினார்கள். காத்தூன் ஏரி நிரம்பியதும், 1914 வாக்கில் ஒரு குன்றின் மேல்பகுதி மட்டும் தண்ணீருக்கு வெளியே மிஞ்சியது. பரப்பு சுமார் 1,500 ஹெக்டேர். 1923 முதல் பாதுகாக்கப்பட்ட காடு. இப்போது ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆய்வு நிலையம் அங்கே இருக்கிறது.

விடியும்போது ஊளைக் குரங்குகள் கத்தும். கேட்டால் ஏதோ பெரிய மிருகம் என்று தோன்றும். ஆள் பத்துக் கிலோ கூடத் தேறாது! அப்புறம் காடு அடங்கிவிடும். பைனாகுலரும் கையுமாக எவ்வளவு நடந்தாலும் இலைதான் தெரியும்.

விவரம் தெரிந்தவர்கள் அங்கே பறவையைத் தேட மாட்டார்கள். தரையில் படை எறும்பைத் தேடுவார்கள். இந்த எறும்புகளுக்குப் புற்று கிடையாது. லட்சக்கணக்கில் ஒன்றோடொன்று கால் கோத்து, தங்கள் உடம்பையே கூடாக்கி, ராணியையும் புழுக்களையும் நடுவில் வைத்துக்கொள்ளும். காலையில் அகலமாக விரிந்து வேட்டைக்குக் கிளம்பும். கரப்பான், சிலந்தி, வெட்டுக்கிளி எல்லாம் சருகுக்கு அடியிலிருந்து தெறித்து ஓடும். எறும்புப்பறவைகள் காத்திருப்பது அதற்காகத்தான். பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள். அவை பிடிப்பது எறும்பை அல்ல, தப்பி ஓடும் பூச்சிகளை.

ஆனால் இந்தப் படை சுமார் இரண்டு வாரம் தினமும் இடம் மாறி வேட்டையாடும்; அடுத்த மூன்று வாரம் ஒரே இடத்தில் தங்கிவிடும், வேட்டையும் குறைந்துவிடும். ஒரே மெஸ்ஸை நம்பினால் பட்டினிதான். அதனால் பறவைகள் பல கூட்டங்களின் இருப்பிடத்தை நினைவில் வைத்து, விடிந்ததும் போய் எட்டிப் பார்க்கின்றன. எனக்கு இதில் பெரிய வியப்பு இதுதான்.

கண்ணைச் சுற்றி நீலத் தோலுள்ள ஆஸிலேட்டட் எறும்புப்பறவை முழுக்க இந்தப் படைகளை நம்பி வாழ்வது. சின்னத் தீவில் அதன் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்து, கடைசியில் அங்கே அற்றுப்போனது. அதோ கரை தெரிகிறதே, அங்கிருந்து புதிதாகப் பறந்து வரக்கூடாதா என்று கேட்பீர்கள். ஆய்வாளர்கள் சோதித்தே பார்த்தார்கள். காட்டுப் பறவைகள் பலவற்றைப் படகில் ஏற்றிப்போய், ஏரி நடுவில் விட்டார்கள். முடிவு 2008இல் வெளியானது. சில இனங்கள் 100 மீட்டர்கூடத் தாண்டாமல் தண்ணீரில் விழுந்தன. படகு பக்கத்திலேயே இருந்ததால் எடுத்துக் காப்பாற்றினார்கள். சிறகு இருக்கிறது, ஆனால் நிழலை விட்டு வெளியே பறந்து பழக்கமில்லை.

சரி, அந்த நீலக்கண் பறவையைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் தீவுக்குப் படகு ஏறாதீர்கள். கரையிலேயே, கம்போவா ஊரை ஒட்டி சோபரானியா தேசியப் பூங்காவுக்குள் பைப்லைன் ரோடு என்றொரு பாதை போகிறது. அங்கே எறும்புப் படை வரும் வரை பொறுமையாக நடங்கள். காலுறைக்குள் பேன்ட்டைச் செருகிக்கொள்ள மறக்காதீர்கள். அந்த எறும்பு நன்றாகவே கடிக்கும்.