வெண்ணெய் திரளும் நேரத்தில்
(செவிலியர் தின விழாவில் பேசியது. கேட்டவர்கள் எழுதித் தரச் சொன்னதால், பேசிய மாதிரியே தருகிறேன்.)

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அவர்களே, நகராட்சித் தலைவர் அவர்களே, வாடகை ஒரு ரூபாய் வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட சங்கச் செயலாளர் அவர்களே, உடம்பு சரியில்லாத நிலையிலும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் எங்கள் பழைய நர்சிங் சூப்பிரண்டு அம்மா அவர்களே, நைட் டியூட்டி முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கும் சகோதரிகளே, சகோதரர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் ஆரம்பித்தால் அது நன்றி மறந்த காரியம். நான் ஐ.சி.யூ.வில் சேர்ந்த முதல் வாரம், டியூபில் சளி உறிஞ்ச எவ்வளவு நேரம் எடுக்கலாம் என்று தெரியாமல் தடுமாறினேன். "நீங்களும் மூச்சைப் பிடிச்சுக்குங்க டாக்டர், உங்களுக்கு முட்டும்போது வெளியே எடுத்துடுங்க" என்றார். இன்றுவரை என் மாணவர்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். வென்டிலேட்டரில் இருந்து நோயாளியை இறக்குவதை நாம் வீனிங் என்கிறோம். குழந்தைக்குத் தாய்ப்பால் மறக்கடிப்பதற்கும் அதே சொல்தான், இரண்டிலும் பொறுமை வேண்டும். இதில் மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன்: ஒன்று இதயம், இரண்டு உதரவிதானம் என்ற மூச்சுத் தசை, மூன்று நோயாளியின் தூக்கம்.

முதலில் இதயம். வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழி உடைந்தது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது, சளி குறைந்துவிட்டது, ஆக்சிஜன் அளவு நன்றாக இருக்கிறது, நோயாளி கண் திறந்து பார்க்கிறார், வெளியே சொந்தக்காரர்கள் சாமிக்கு நேர்ந்துகொண்டு நிற்கிறார்கள். மெஷினைக் கழற்றி, தானே மூச்சு விடுகிறாரா என்று பார்க்க டி பீஸ் என்ற குழாயில் போட்டால் பதினைந்தாவது நிமிடம் வேர்த்துக் கொட்டுகிறது, மூச்சு நிமிடத்துக்கு நாற்பதைத் தொடுகிறது. மறுபடி மெஷின். கேஸ் ஷீட்டில் 'நுரையீரல் இன்னும் தேறவில்லை' என்று எழுதிவிட்டுப் போகிறோம்.

பல பேருக்கு அங்கே தோற்றது நுரையீரல் இல்லை, இதயம். வென்டிலேட்டர் காற்றை உள்ளே தள்ளுகிறது. அந்த அழுத்தத்தால் நெஞ்சுக்குத் திரும்பி வரும் ரத்தம் கொஞ்சம் குறைகிறது, இடது இதயத்துக்கும் வெளியிலிருந்து ஒரு கை கொடுத்த மாதிரி வேலை லேசாகிறது. மெஷினை எடுத்ததும் எல்லாம் தலைகீழ். நோயாளி தானே காற்றை இழுக்கிறார், நெஞ்சுக்குள் அழுத்தம் இறங்குகிறது, மடை திறந்த மாதிரி ரத்தம் இதயத்துக்கு வருகிறது, அந்த இழுப்பை எதிர்த்துத்தான் இடது இதயம் ரத்தத்தை வெளியே தள்ளவும் வேண்டும். போதாததற்குப் பதற்றத்தில் பிரஷர் ஏறும், மூச்சுத் தசைகள் வேறு கூடுதல் ஆக்சிஜன் கேட்கும். விறைத்துப்போன இதயம் இதைத் தாங்காது. நுரையீரலில் நீர் கோக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. பாரிஸ் பக்கத்தில் கிரெத்தேய் என்ற ஊரில் லெமேர் என்ற மருத்துவரும் அவர் குழுவும் 1988இலேயே எழுதிவிட்டார்கள். நாள்பட்ட நுரையீரல் அடைப்போடு இதய நோயும் இருந்த 15 பேர், மெஷினை எடுத்துப் பத்தே நிமிடத்தில் இடது இதயத்துக்குப் பின்னால் நுரையீரல் பக்கம் தேங்கும் அழுத்தம் சராசரி 8 மி.மீ. பாதரசத்திலிருந்து 25க்கு ஏறியது. நீர் பிரியும் மருந்து கொடுத்துச் சில நாள் பொறுத்துப் பார்த்தார்கள், 9 பேர் மெஷினை விட்டு இறங்கினார்கள். நாம் எத்தனை பேருக்கு அந்தச் சில நாளைக் கொடுத்தோம்?

இங்கே ஒருவர் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். பல வருடம் முன்பு, நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு டீ மாஸ்டர் அட்மிட் ஆனார். அறுபது தாண்டியவர், நாற்பது வருடம் அடுப்புப் புகையும் பீடிப் புகையும். ஒன்பது நாளாக மெஷினில் இருந்தார். இரண்டு தடவை டி பீஸ் போட்டோம், இரண்டும் இருபது நிமிடத்தில் தோல்வி. ஸ்டீராய்டைக் கூட்டினோம், ஆன்டிபயாடிக்கை மாற்றினோம், கழுத்தில் துளை போடலாமா என்றுகூடப் பேசிவிட்டோம். மூன்றாவது தடவை போட்டபோது நைட் டியூட்டியில் ஒரு சிஸ்டர், வேலைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகாத பெண். கட்டில் பக்கத்திலேயே நின்று, சார்ட் ஓரத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பிரஷரைப் பேனாவால் குறித்துக்கொண்டே வந்தாள். 134, 150, 168, 190. அப்போதும் மூச்சு இருபத்து நாலுதான். "மூச்சு ஏறுறதுக்கு முன்னாடியே பிரஷர் ஏறுது சார், போன தடவையும் இப்படித்தான்" என்றாள். போர்வையை விலக்கி அவர் கணுக்காலை விரலால் அமுக்கிக் காட்டினாள். விரல் எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது, உடம்பில் நீர் தேங்கியிருக்கிறது. நாங்கள் மூன்று டாக்டர்கள் ஒன்பது நாளாக அந்தப் போர்வையை விலக்கியதே இல்லை.

இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ மெஷின் வேறு கட்டடத்தில். வென்டிலேட்டரில் இருப்பவரை அங்கே தூக்கிக்கொண்டு போக முடியாது, அதை இங்கே அனுப்ப ஆள் இல்லை. இரண்டு நாள் போனது. வந்து பார்த்தால், இதயம் சுருங்குவது பரவாயில்லை, விரிவதுதான் சரியில்லை. இன்டேக் அவுட்புட்டை, அதாவது உள்ளே போன நீரையும் வெளியே வந்த நீரையும், கூட்டிப் பார்த்தோம், ஆறு லிட்டருக்கு மேல் உள்ளே நின்றிருந்தது. நீர் பிரிய லாசிக்ஸ், பிரஷருக்கு நைட்ரோகிளிசரின் டிரிப், மூன்று நாளில் நாலு லிட்டர் வெளியே. அடுத்த டி பீஸில் அரை மணி நேரம் அமைதியாக மூச்சு விட்டார், டியூபை எடுத்தோம். மறுநாள் காலை கேன்டீன் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, கம்மிய குரலில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம்: "தூள் வேகலை தம்பி." வார்டே சிரித்தது, அந்த சிஸ்டர் மட்டும் அழுதுவிட்டாள்.

வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழியைப் பிடித்துக்கொண்டது அந்தக் கை. எல்லோருக்கும் லாசிக்ஸ் ஊற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை, உடம்பு வறண்டு கிடப்பவருக்கு அது கெடுதல். யாருக்கு வேண்டும் என்று பார்க்க ஒரு வழி இருக்க வேண்டும். இதயத்தின் சுமையைக் காட்டும் பி.என்.பி. என்ற ரத்தப் பரிசோதனையை வைத்து நீரைக் குறைத்தவர்கள் சீக்கிரம் மெஷினை விட்டு இறங்கினார்கள் என்று 2012இல் 304 பேரை வைத்து நடந்த ஆய்வு சொல்கிறது. நம் ஊருக்கு அதைவிடக் கைக்கு எட்டுவது எக்கோ, டி பீஸ் போடும் முன்னால் ஒருமுறை, முடியும்போது ஒருமுறை.

இணை இயக்குநர் ஐயா, இதைத்தான் நான் இரண்டு வருடமாக ஒவ்வொரு மேடையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கொரோனா காலத்தில் வென்டிலேட்டர்கள் வந்தன, நன்றி. அவற்றோடு இதயத்தைப் பார்க்கும் கண் வரவில்லை. வென்டிலேட்டர் இருக்கும் ஒவ்வொரு ஐ.சி.யூ.விலும் ஒரு சின்ன கையடக்க எக்கோ, அதைப் பிடிக்கத் தெரிந்த ஒருவர், டி பீஸ் நேரத்தில் நோயாளிக்கு ஒரு நர்ஸ் முழுதாக. கட்டடம் கேட்கவில்லை, புதிய பிளாக் கேட்கவில்லை. நகராட்சித் தலைவர் அவர்கள் போன வாரம் மனுவைப் படித்துவிட்டு, நன்கொடையாளர்களிடம் பேசுகிறேன் என்று சொன்னார், அவருக்கு இந்த மேடையிலேயே நன்றி சொல்லிக்கொள்கிறேன். இரண்டு நாள் எக்கோவுக்காகக் காத்திருந்த அந்தக் கட்டில் என் கண்ணை விட்டுப் போகவில்லை. வெண்ணெய் திரட்ட லட்சக்கணக்கில் செலவு செய்கிறோம், தாழிக்கு ஒரு மெஷின் கேட்கிறோம்.

மணி அடித்துவிட்டார்கள். உதரவிதானமும் தூக்கமும் இன்னொரு நாளைக்கு இருக்கட்டும். மனு பின்வாசல் மேசையில் இருக்கிறது, ஒரே பக்கம்தான். பெயரும் வார்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். நைட் டியூட்டி பார்த்துவிட்டு வந்தவர்கள் முதலில் போடட்டும், அவர்கள் போய்த் தூங்க வேண்டும்.