ஹர்கதீச்சா முத்தா

எல்லோருக்கும் வணக்கம். ஓய்வு பெறும் டீச்சர்களுக்கு மாலை போட்டாயிற்று. இனிமேல் என்ன செய்யலாம் என்று சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் செய்ததைச் சொல்கிறேன். அப்புறம் உங்கள் பாடு.

மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் இருபத்தெட்டு வருடம். அதற்குப் பிறகு ஒரே ஒரு தவணை நகர்சேவக், அதாவது மாநகராட்சி உறுப்பினர். ஓட்டுக் கேட்பதில் சிரமமே இல்லை. தாராவி தொண்ணூறடி ரோட்டுச் சந்துகளில் கதவைத் திறந்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். "உட்காருங்க டீச்சர்" என்று நாற்காலி போட்டார்கள். ஒருவன் மட்டும், "அன்னைக்கு என்னை முட்டி போட வெச்சீங்களே, ஞாபகம் இருக்கா?" என்றான். அவன் ஓட்டு எங்கே போனதோ!

சிரமம் ஜெயித்த பிறகுதான். வகுப்புக்குள் நுழைந்தால் நாற்பது பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். வார்டு ஆபீசில் ஜூனியர் இன்ஜினியர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கோபம் வந்தது. சட்டத்தைப் படித்த பிறகு அடங்கிவிட்டது. மும்பை மாநகராட்சி இன்றும் 1888-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் நடக்கிறது. நிர்வாக அதிகாரம் கமிஷனரிடம். அவரை நியமிப்பது மாநில அரசு. தேர்ந்தெடுக்கப்பட்ட 227 பேரும் பட்ஜெட்டை விவாதிக்கலாம், கேள்வி கேட்கலாம். இந்தச் சாக்கடையை இன்றைக்கே அள்ளு என்று உத்தரவு போட முடியாது.

ஆக, கேட்கத் தெரிய வேண்டும். அதுவும் மராத்தியில். காய்கறிக்காரியிடம் பேரம் பேசிய மராத்தி சபையில் செல்லுபடியாகாது. மராத்தி டீச்சர் ஒருவரிடம் மூன்று மாதம் நோட்டும் கையுமாக உட்கார்ந்தேன். சபை விதி மீறப்படுவதாக எழுந்து சொல்வதற்கு அங்கே "ஹர்கதீச்சா முத்தா" என்பார்கள். முதல் தடவை நான் அதைச் சொன்னதும் நாலைந்து பேர் சிரித்தார்கள். என் உச்சரிப்பு அப்படி. பரவாயில்லை, பள்ளிக் கழிப்பறை ஒன்றுக்குத் தண்ணீர் கேட்டு நாலு கூட்டத்தில் எழுந்தேன். ஐந்தாவது கூட்டத்துக்கு முன்னால் குழாய் வந்துவிட்டது.

2022 மார்ச்சில் சபையின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2026 ஜனவரியில். நடுவில் கேட்க யாருமில்லை, கமிஷனரே நிர்வாகி. அப்போதும் காலையில் காகிதத்தோடு என் வாசலுக்கு ஆட்கள் வந்தார்கள். என் பதவி எப்போதோ போய்விட்டது, அதை யார் பார்த்தார்கள்?

முட்டி போட்டவனும் ஒருநாள் வந்தான், தண்ணீர் இணைப்பு விஷயமாக. மராத்தியில் மனு எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்தவன், "பேனா குடுங்க டீச்சர்" என்று இரண்டு இடத்தில் திருத்தினான்.